துபாய் டூ நியூயார்க்... நடுவில் நிற்காமல் பறக்கும் சொகுசு விமானம்! சோதனையில் 4 பேர் பலியான சோகம்

பெரும் பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் விமானங்களில் நெடுந்தூரம் பறப்பதில் பேர் வாங்கியது கல்ப்ஸ்ட்ரீம் ஜி-650. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் சவானா நகரில் உள்ள கம்பெனியின் தயாரிப்பு இது. 2009-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி முதன்முதலாக வானில் ஏறியது.

ஒரு தடவை டேங்க்கை நிரப்பினால் 12 ஆயிரத்து 960 கி.மீ. போகும். துபாயில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறங்க வேண்டும். இதற்காக சுமார் 20 டன் எரிபொருளைச் சுமக்கிறது. விமானத்தின் மொத்த எடையே 45 டன்தான். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்!

வால் பக்கம் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின்கள். உச்ச வேகம் மணிக்கு சுமார் 980 கி.மீ. சத்தத்தின் வேகத்தைத் தொட கொஞ்சம்தான் பாக்கி. பயணிகள் விமானங்கள் 35 ஆயிரம், 40 ஆயிரம் அடியில் போகும்போது, இது 51 ஆயிரம் அடி வரை ஏறும். அங்கே மற்ற விமானங்களின் நெரிசல் இல்லை, காற்றின் தடையும் குறைவு.

அவ்வளவு உயரத்திலும் உள்ளே இருப்பவருக்கு 4 ஆயிரத்து 850 அடி மலையில் நிற்பது போலத்தான் இருக்கும். அதனால் இறங்கும்போது அலுப்பு தெரியாது. ஆறடி ஆள் தலை இடிக்காமல் நடக்கலாம். 16 பெரிய ஜன்னல்கள். 2013-ல் விலை? சுமார் 6½ கோடி டாலர்!

ஓடுபாதையில் பயங்கரம்

இத்தனை தூரம் போகிற விமானம் தடுமாறியது தரையை விட்டுக் கிளம்பும் இடத்தில்தான்.

2011-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி நியூமெக்சிகோ மாநிலம் ராஸ்வெல் விமான நிலையத்தில் சோதனை நடந்தது. கிளம்பும் நேரத்தில் ஒரு என்ஜின் செயல் இழந்தால் விமானம் எழும்புமா என்று பார்ப்பதற்காக, வலது என்ஜினின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள். மூக்கைத் தூக்கியதுமே விமானம் வலது பக்கம் சாய்ந்தது. இறக்கை நுனி ஓடுபாதையில் உரச, விமானம் சறுக்கிக்கொண்டே போய் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 2 விமானிகள், 2 என்ஜினீயர்கள் என 4 பேரும் பலியானார்கள்.

அமெரிக்க போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. தரையை ஒட்டிப் பறக்கும்போது, மூக்கை ஓரளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். வானத்தில் தாங்குகிற சாய்வு கூட அங்கே தாங்காது. இதை கம்பெனி தப்பாகக் கணக்குப் போட்டு, கிளம்பும் வேகத்தைக் குறைவாக வைத்துவிட்டது என்று வாரியம் கூறியது. இதைவிட கொடுமை, அதற்கு முன்பே இரண்டு முறை சோதனையில் விமானம் இப்படி சாய்ந்திருக்கிறது. அப்போதே சரியாக ஆராய்ந்திருந்தால் நாலு உயிர் தப்பியிருக்கும்.

பிறகு கிளம்பும் வேகத்தைக் கூட்டினார்கள். 2012 செப்டம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2014-ல் வந்த ஜி-650 இ.ஆர். 13 ஆயிரத்து 890 கி.மீ. வரை பறந்தது.