குங்யேயும் கியொன் ஹ்வொனும்: பத்தாம் நூற்றாண்டுக் கொரியாவின் இரு தோல்விகள்

கொரிய நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான கேபிஎஸ் 2000 ஏப்ரலில் தொடங்கி 2002 பிப்ரவரியில் நிறைவு செய்த 'தேஜோ வாங் கொன்' என்னும் 200 பகுதித் தொடர், அந்நாட்டார் 'சாகுக்' என்றழைக்கும் வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களுள் மிகப் பெரும் வரவேற்பைப் பெற்றவற்றில் ஒன்று. 'தேஜோ' என்பது ஓர் அரச மரபைத் தோற்றுவித்தவனுக்கு அவன் இறந்தபின் வழங்கப்படும் பட்டம். எனவே தொடரின் நாயகன் கோரியோ அரசை நிறுவிய வாங் கொன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பார்வையாளர் நெஞ்சில் நின்றவர்கள் அவனிடம் தோற்றுப்போன இருவரே: தன்னை இனி வரவிருக்கும் புத்தரான மைத்ரேயர் என்று அறிவித்துக்கொண்ட ஒற்றைக்கண் மன்னன் குங்யே, உழவர் குடியில் பிறந்து படைவீரனாகி அரசு கண்டு, இறுதியில் தன் மகன்களாலேயே சிறைவைக்கப்பட்ட கியொன் ஹ்வொன். முன்னவன் பித்தனாகவும் பின்னவன் சினத்துக்கு அடிமையானவனாகவும் இருந்ததனால் வீழ்ந்தார்கள் என்பது தொடரைப் பார்த்தவர்கள் பொதுவாக அடையும் முடிவு. அந்த முடிவு தொலைக்காட்சியில் பிறந்ததன்று. 1145-இல் கிம் புசிக் தொகுத்து முடித்த 'சாம்குக் சாகி' என்னும் மூவரசு வரலாற்றின் ஐம்பதாவது, அதாவது கடைசித் தொகுதியில், கலகக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் இவ்விருவர் வாழ்க்கையும் எழுதப்பட்ட நாளிலேயே அது உருப்பெற்றுவிட்டது. கிம் புசிக் பழைய சில்லா அரச குடியின் வழியில் வந்தவர்; பணி செய்ததோ வாங் கொன் நிறுவிய கோரியோ அரசில். சில்லாவை வெறுத்த குங்யேயையும், சில்லாவின் தலைநகரைச் சூறையாடிய கியொன் ஹ்வொனையும் பழிப்பதற்கு அவருக்கு இரட்டைக் காரணம் இருந்தது என்பதை மறந்துவிட்டு அவர் தந்த சித்திரத்தை வாசிப்பது நேர்மையாகாது.

இருவரின் பிழையையும் புரிந்துகொள்ள, அவர்கள் தோன்றிய காலத்தின் அதிகாரம் எங்கே தங்கியிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பெக்ஜே, கோகுரியோ ஆகிய இரு அரசுகளையும் சீனத்துத் தாங் பேரரசின் துணையோடு வென்ற சில்லா, பிறப்பை அடிப்படையாகக் கொண்ட 'எலும்புத் தகுதி' முறையால் கட்டுண்டிருந்தது. அதாவது ஒருவன் ஏறக்கூடிய பதவி முதல் அவன் வீட்டின் அளவு வரை எல்லாவற்றையும் அவன் குடிப்பிறப்பே வரையறுத்தது. தலைநகரான கியொங்ஜுவில் அரச குடும்பத்தின் கிளைகள் அரியணைக்காகத் தம்முள் மோதிக்கொண்டிருக்க, ஜின்சொங் அரசி காலத்தில், 889-இல், வரி வராத மாகாணங்களுக்குத் தண்டலாளர் அனுப்பப்பட்டதும் நாடெங்கும் கலகம் மூண்டது. அதன்பின் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும், ஒவ்வொரு மலைக்கோட்டையிலும், சொந்தப் படையும் சொந்தக் களஞ்சியமும் கொண்ட தலைவர்கள் எழுந்தனர். கொரிய வரலாற்றாசிரியர்கள் இவர்களை 'ஹோஜோக்' என்பார்கள். வட்டாரச் செல்வாக்குக் குடிகள் என்று அச்சொல்லை விளக்கலாம். இவர்கள் யாருக்கும் பிறவி அடிமைகள் அல்லர். தமக்குப் பாதுகாப்பும் மதிப்பும் தருபவனிடம் கோட்டையோடு சேருவார்கள். அவை கிடைக்காதபோது கோட்டையோடு விலகுவார்கள். அக்காலத்து அரசுரிமை என்பது இந்த இசைவைத் திரட்டி வைத்திருப்பதைத் தவிர வேறில்லை.

குங்யே இதைத் தொடக்கத்தில் நன்றாகவே அறிந்திருந்தான் என்பதுதான் அவன் கதையின் துயரம். சில்லா மன்னன் ஒருவனின் மகனாகப் பிறந்து, தீய நிமித்தங்களால் கொல்லப்படவிருந்தபோது மாடத்திலிருந்து எறியப்பட்ட குழந்தையை ஏந்திய செவிலியின் விரல் பட்டு ஒரு கண் போயிற்று என்று 'சாம்குக் சாகி' கூறுகிறது. இது எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்கு அவனே பரப்பிய பிறப்புக் கதை என்று பிரிப்பது எளிதன்று. பௌத்தத் துறவியாக வளர்ந்த அவன், 891-இல் மடத்தை விட்டு வெளியேறி முதலில் கிஹ்வொன், பிறகு யாங்கில் என்னும் கலகத் தலைவர்களிடம் சேர்ந்தான். பிறகு தனக்கென்று படை திரட்டியபோது, வீரர்களின் இன்பதுன்பங்களில் சமமாகப் பங்கேற்றான் என்றும், கொடுப்பதிலும் எடுப்பதிலும் நடுநிலை தவறாதிருந்தான் என்றும் அவனைப் பழிக்கும் அதே நூலே ஒப்புக்கொள்கிறது. போரின்றியே பல கோட்டைகள் அவனிடம் வந்தன. கடல் வாணிகத்தால் வளம்பெற்ற சோங்காக், அதாவது இன்றைய கேசொங், நகரத்துத் தலைவனான வாங் கொன்னின் தந்தை 896-இல் தானாகவே அவனிடம் சேர்ந்தான். 898-இல் சோங்காக்கைத் தலைநகராக்கிய குங்யே, 901-இல் பழைய கோகுரியோவின் பழியைத் தீர்ப்பதாகச் சூளுரைத்து அரசனாகத் தன்னை அறிவித்தான். வடபகுதித் தலைவர்கள் பலருக்குக் கோகுரியோவின் நினைவு வெறும் பழம்பெருமையன்று, தாங்கள் யார் என்பதற்கான விடை. ஆகவே அந்தச் சூளுரை அவர்களை அவனோடு பிணைத்தது.

அந்தப் பிணைப்பைத் தன் கையாலேயே அவன் அறுத்ததுதான் முதற்பெரும் பிழை. 904-இல் நாட்டின் பெயரை மாஜின் என்று மாற்றினான். அதே காலத்தில் சொங்ஜு என்னும் தெற்கத்திய ஊரிலிருந்து 1,000 குடும்பங்களைப் பெயர்த்துச் சொர்வொன்னில் குடியேற்றி, 905-இல் அங்கே தலைநகரை மாற்றினான். 911-இல் நாட்டுப்பெயர் மறுபடி தேபொங் என்றாயிற்று. சோங்காக் வணிகத் தலைவர்களின் பிடியிலிருந்து விலகி, தனக்கு மட்டுமே கடமைப்பட்ட மக்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் திட்டமாக இதைப் பார்த்தால் இதில் பித்து ஏதும் தென்படவில்லை. நடுவண் அரசு ஒன்றை உண்டாக்க நினைத்த எந்த மன்னனும் எண்ணக்கூடியதே. ஆனால் கடலையும் ஆற்றுப் போக்குவரத்தையும் விட்டு உள்நாட்டு மேட்டுச் சமவெளிக்குப் போனபோது, தன் கப்பற்படையும் வரவும் யாரிடமிருந்து வந்தனவோ அவர்களை அவன் பகைத்துக்கொண்டான். அவர்களுக்கு ஈடாக நம்பத்தக்க வேறொரு வலிமையை அவன் இன்னும் உண்டாக்கியிருக்கவில்லை.

இழந்த இசைவின் இடத்தை நிரப்பவே அவன் தெய்வீகத்தை நாடினான் என்று கருத இடமிருக்கிறது. தன்னை மைத்ரேயர் என்றும், தன் இரு புதல்வரைப் போதிசத்துவர்கள் என்றும் அறிவித்து, இருபது தொகுதிகள் அளவுக்குத் தானே மறைநூல் எழுதினான். அதைப் பொய்யுரை என்று கண்டித்த சொக்சோங் என்னும் துறவி இரும்புத் தண்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். பிறர் உள்ளத்தை ஊடுருவிக் காணும் ஆற்றல் தனக்குண்டு என்று கூறி, குற்றம் நினைத்தவர்கள் என்று பலரைக் கொன்றான். 915-இல் தன்னைத் திருத்த முயன்ற அரசி காங்கையும் இரு புதல்வரையும் கொன்றதாக நூல் சொல்கிறது. ஒரு நாள் வாங் கொன்னையே சதிகாரன் என்று குற்றம் சாட்டியபோது, சே உங் என்னும் எழுத்தர் வேண்டுமென்றே தூரிகையைக் கீழே நழுவவிட்டு, எடுக்கக் குனிந்த வேளையில், ஒப்புக்கொண்டால்தான் பிழைப்பாய் என்று அவன் காதில் சொன்னாராம். வாங் கொன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள, தன் ஆற்றல் மெய்ப்பட்டதாக மகிழ்ந்த மன்னன் பரிசளித்து விடுத்தானாம். இச்சிறு நிகழ்ச்சி அவன் ஆட்சியின் சீர்கேட்டை வேறெந்தச் செய்தியையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. உண்மை சொன்னவன் சாகவும் பொய் சொன்னவன் பிழைக்கவும் நேரும் அவையில், மன்னனுக்கு இனி ஒரு செய்தியும் சரியாக வந்து சேராது. அவன் உள்ளங்களைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நான்கு படைத்தலைவர்கள் வாங் கொன்னின் இல்லத்தில் கூடிப் பேசினார்கள். 918-இன் கோடையில் அவனை அரசனாக்கினார்கள். மாறுவேடத்தில் தப்பிய குங்யே வழியில் குடிமக்களால் கொல்லப்பட்டான்.

தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தில் வரலாற்று நூலிலிருந்து விலகுவது கவனிக்கத்தக்கது. நடிகர் கிம் யொங்சொல் ஏற்ற குங்யே வேடம் மக்களை அத்துணை ஈர்த்தது. அவையில் இருமியவன் யார் என்று மன்னன் கேட்கும் காட்சி இன்றும் கொரியர் பலர் அறிந்த ஒன்று. அரசி காங் முன்பு வாங் கொன்னின் காதலியாக இருந்தவள் என்ற கற்பனையைச் சேர்த்துப் பொறாமையை ஒரு காரணமாக்கிய தொடர், அவன் சாவை மட்டும் இழிவாகக் காட்ட மறுத்து, வாங் கொன்னோடு இறுதியாக அமர்ந்து பேசிவிட்டுத் தன் உண்மை ஊழியன் கையாலேயே உயிர்விடும் பெருமையை அவனுக்கு அளித்தது. காதற் கற்பனை அரசியலை மறைத்துவிடுகிறது என்பது இத்தொடரின் பெருங்குறை. ஆனால் வென்றவர்களின் நூல் பறித்துக்கொண்ட மனிதத் தன்மையைக் குங்யேக்குத் திருப்பித் தந்தது அதன் உண்மையான சாதனை.

கியொன் ஹ்வொனின் பிழை வேறு வகையானது. 867-இல் சாங்ஜு வட்டாரத்தில் பிறந்த அவன், சில்லாவின் தென்மேற்குக் கடற்காவலில் பணியாற்றி உயர்ந்து, 892-இல் இன்றைய குவாங்ஜுவைக் கைப்பற்றினான். 900-இல் ஜொன்ஜுவைத் தலைநகராக்கி, 660-இல் அழிந்த பெக்ஜேயை மீட்டதாக அறிவித்தான். போர்க்களத்தில் அவனுக்கு நிகரானவர் அன்று எவருமில்லை. அந்தத் திறமையே அவன் கண்ணை மறைத்தது எனலாம்; கோட்டையை வெல்வதும் கோட்டைக்குரியவர் மனத்தை வெல்வதும் ஒன்றே என்று அவன் நம்பினான். 901-இல் சில்லாவின் தேயா கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பும் வழியில், தன் ஆட்சிக்கு இணங்காத தென்மேற்குக் கடலோர ஊர்களைச் சூறையாடிச் சென்றான். இரண்டே ஆண்டுகளில், 903-இல், குங்யேயின் தளபதியாகக் கடல்வழி வந்த வாங் கொன்னிடம் அந்தப் பகுதி போய்ச் சேர்ந்து, நாஜு என்று பெயர் பெற்றது. கியொன் ஹ்வொனின் முதுகுப்புறத்தில் எதிரியின் துறைமுகம் ஒன்று நிலைத்துவிட்டது. வாங் கொன் அவ்வூர்ப் பெண்ணை மணந்து, அவள் பெற்ற மகனையே பின்னர்ப் பட்டத்து இளவரசனாக்கினான்.

இதே பிழை 927-இல் பன்மடங்கு பெரிதாக மீண்டும் நிகழ்ந்தது. சில்லா மன்னன் கியொங்கே, வாங் கொன்னின் துணையை நாடியதால் சினமுற்ற கியொன் ஹ்வொன், திடீரெனக் கியொங்ஜுவுக்குள் புகுந்து மன்னனைத் தற்கொலை செய்துகொள்ள வைத்து, அரசியை இழிவுசெய்து, கருவூலத்தையும் கைவினைஞர்களையும் வாரிச் சென்றான். மன்னன் அப்போது போசொக்ஜொங் என்னுமிடத்தில் விருந்தாடிக்கொண்டிருந்தான் என்று பழைய நூல் சொல்கிறது. எதிரி அருகிலிருக்கையில் கொரியக் குளிர்கால மாதத்தில் திறந்த வெளியில் விருந்தா என்று ஐயுறும் இக்கால ஆய்வாளர்கள், அது நாட்டைக் காக்க வேண்டிச் செய்த சடங்காக இருக்கலாம் என்கிறார்கள். உதவிக்கு 5,000 குதிரைவீரரோடு விரைந்த வாங் கொன், இன்றைய தேகு அருகிலுள்ள கோங்சானில் அடியோடு தோற்று, தளபதி சின் சுங்கியொமை இழந்து, தனியனாய்த் தப்பினான். படை அளவில் இது கியொன் ஹ்வொனின் உச்சம். ஆனால் ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அரசின் மன்னனை அவன் நடத்திய முறையைத் தென்கிழக்கின் ஒவ்வொரு கோட்டைத் தலைவனும் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அரசனுக்கே இந்தக் கதியென்றால் தனக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்காதவன் இருந்திருக்க மாட்டான். 930-இன் தொடக்கத்தில் கோசாங் போரில் உள்ளூர்த் தலைவர்கள் மூவர் வாங் கொன் பக்கம் நிற்க, கியொன் ஹ்வொன் 8,000 பேரை இழந்தான்; அதையடுத்துக் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் 110-க்கும் மேற்பட்ட கோட்டைகள் கோரியோவிடம் சேர்ந்தன. போர் நடந்த கோசாங்குக்கு வாங் கொன் இட்ட அன்டோங் என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. 931-இல் அவன் ஐம்பது குதிரைவீரரோடு மட்டும் கியொங்ஜுவுக்குள் விருந்தினனாகச் சென்றது, எதிரியின் பிழையை அவன் எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தினான் என்பதற்குச் சான்று. கியொன் ஹ்வொன் தானே அரியணையில் அமர்த்திய கியொங்சுன் மன்னன், 935-இல் நாட்டை ஒப்படைத்ததும் வாங் கொன்னிடமே.

வெளியே கோட்டைத் தலைவர்களிடம் செய்ததையே கியொன் ஹ்வொன் தன் வீட்டுக்குள்ளும் செய்தான். நெடிய உருவமும் அறிவும் வாய்ந்த நான்காம் மகன் கும்காங்கை அரசுரிமைக்குத் தேர்ந்தான். ஆனால் படையும் மாகாண ஆட்சியும் மூத்தவர்களிடமே இருந்தன. யாங்கொமும் யோங்கொமும் மாகாணங்களை ஆண்டார்கள். மூத்தவன் சின்கொம் தலைநகரில் தந்தையின் அருகிலேயே இருந்தான். உரிமையை மறுத்துவிட்டு ஆயுதத்தை மட்டும் விட்டுவைத்த இந்த ஏற்பாடு, 935-இன் மூன்றாம் மாதத்தில் வெடித்தது. கும்காங் கொல்லப்பட்டான்; கியொன் ஹ்வொன் கும்சான்சா பௌத்த மடத்தில் அடைக்கப்பட்டான். மூன்று மாதம் கழித்துத் தப்பி அவன் ஓடிய இடம் நாஜு. முப்பது ஆண்டுகளுக்குமுன் தன் கைவிட்டுப் போன அந்தத் துறைமுகத்திலிருந்து கடல்வழியே கோரியோ சென்றான். தன்னைவிடப் பத்தாண்டு மூத்த பகைவனை வாங் கொன் தந்தைக்கு நிகராக மதித்து வரவேற்றான். 936-இல் இல்லிசொன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 87,500 பேர் கொண்ட கோரியோப் படையில் கியொன் ஹ்வொன் இருப்பதைக் கண்ட பெக்ஜேத் தளபதிகள் சிலர் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். தான் உண்டாக்கிய அரசைத் தானே முன்நின்று அழித்த அவன், சின்கொமின் உயிரை வாங் கொன் விட்டுவைத்த சில நாள்களில் முதுகுக்கட்டியால் இறந்தான்.

வாங் கொன்னின் வெற்றியை அவன் நற்பண்புக்கு மட்டும் உரியதாக்குவதும் பிழையே. அவன் 29 மனைவியரை மணந்ததும், சேர்ந்த தலைவர்களுக்குத் தன் குடிப்பெயரை அளித்ததும், கோட்டைகளின் இசைவுக்குத் தந்த விலை. குங்யே அச்சுறுத்தியும் கியொன் ஹ்வொன் தாக்கியும் பெறாததை அவன் உறவாக்கிப் பெற்றான். ஆனால் அந்தத் தலைவர்களின் படைகளை அவனும் கலைக்கவில்லை. அவன் 943-இல் மறைந்ததும், நாஜுப் பெண்ணின் மகனான ஹ்யேஜோங் வலிமையான தாய்வழிக் குடியின்றி இரண்டே ஆண்டுகள் ஆண்டான். அடுத்து வந்த ஜொங்ஜோங்கின் ஆட்சியும் நான்காண்டுகளில் முடிந்தது. 949-இல் அரியணையேறிய இன்னொரு மகன் குவாங்ஜோங்தான், முறைகேடாக அடிமைப்படுத்தப்பட்டோரை 956-இன் சட்டத்தால் விடுவித்துத் தலைவர்களின் ஆள்வலிமையைக் குறைத்து, 958-இல் அரசுப் பணிக்குத் தேர்வுமுறையைக் கொண்டுவந்து, எதிர்த்தவர்களைக் கொன்று, குங்யே சொர்வொன்னில் தொடங்க முயன்ற நடுவண் ஆட்சியை நிலைநாட்டினான்.