சிறுவர்களும் சித்திரக் கதை வீரர்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கடந்த கோடை விடுமுறையில், ஆழ்வார்திருநகரியை அடுத்த நம் கிளைப்பங்கு ஒன்றில் மறைக்கல்வி வகுப்புகள் நிறைவுற்ற மாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஆலயத்தை ஒட்டிய அறையில் சிறுவர்களுக்கென ஒரு சிறு நூலகம் தொடங்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தெந்த நூல்களை வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோதுதான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "மாயாவி, ஸ்பைடர்மேன் மாதிரிப் படக்கதைப் புத்தகமும் வாங்கி வைங்க சாமி, அப்பந்தான் பிள்ளைய உள்ள வரும்" என்றார் இளம் தந்தை ஒருவர். முதிய உபதேசியாரோ, "கோயில் அறைக்குள்ள முகமூடி போட்டவன் படமா? புனிதர் வரலாறு இருக்கையில நமக்கு அது எதுக்கு?" என்று கேட்டார். இருவர் பேச்சிலும் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையே தெரிந்தது. நாம் ஒரு மாத அவகாசம் கேட்டுக்கொண்டோம். அன்று சொல்ல இயலாத மறுமொழியையே இங்கு எழுதுகிறோம்.

அதற்குமுன் நம் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டு, குருத்துவத் திருநிலைப்பாடு பெற்ற புதிதில், மறைக்கல்வி வகுப்பில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் மறைத்து ஒரு பழைய சித்திரக் கதையைப் படித்துக்கொண்டிருந்தான். கறுப்பு உடையும் கூரிய காதுகளும் கொண்ட ஸ்பைடர் என்னும் வீரனின் கதை அது. அதைப் பிடுங்கி, எல்லார் முன்னிலையிலும் இரண்டாகக் கிழித்தோம். மறு ஞாயிறு அவன் வரவில்லை. அவன் தாய் வந்தார். கோபம் சிறிதும் இன்றி, "பள்ளிக்கூடப் புஸ்தகத்த அவன் தொடமாட்டான் சாமி. அந்தப் படப் புஸ்தகத்த மட்டுந்தான் ராத்திரி எழுத்துக் கூட்டி எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தறியாத ஒரு வீட்டில் எரிந்த ஒரே விளக்கை நாம் ஊதி அணைத்திருந்தோம். அந்தக் குற்ற உணர்வே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது.

வீரக் கதை படித்த புனிதர்கள்

வீரதீரக் கதைகளுக்கும் நம் திருச்சபைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1521-ஆம் ஆண்டு பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலாவில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது முதலில் கேட்டவை பக்தி நூல்கள் அல்ல. மாவீரர்களின் சாகசங்களைக் கூறும் கற்பனைக் கதைகளையே கேட்டார். அவை அந்த வீட்டில் கிடைக்காமையால் கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுகளும் அவர் கையில் தரப்பட்டன. அவற்றைப் படித்தபோதும் அவர் மனம் வீரர்களைப் போலவே சிந்தித்தது: பிரான்சிஸ்குவும் தோமினிக்கும் செய்ததை நாமும் ஏன் செய்யக்கூடாது என்று தம்மையே வினவிக்கொண்டார். வீரத்தின்மீது இருந்த வேட்கை அழிக்கப்படவில்லை. அது திசை திருப்பப்பட்டது.

அவிலா தெரேசாவின் தன்வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தம் தாயைப் போலவே வீரக் கதைகளில் மூழ்கியதையும், அதனால் நேர்ந்த மனச்சிதறலையும் அவர் வருத்தத்தோடு நினைவுகூர்கிறார். ஆயினும் அதற்கு முன்பே, சிறு பிள்ளையாய் இருந்தபோது, மறைசாட்சியர் வரலாறுகளைப் படித்துவிட்டு, தலை வெட்டுண்டு விண்ணகம் சேர வேண்டுமெனத் தமையனோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டவரும் இதே தெரேசாதான். வழியில் கண்டு அழைத்து வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! படித்ததை அப்படியே செய்துபார்க்கும் இயல்பு குழந்தைப் பருவத்துக்கு உரியது. புனித நூல்கூட அதற்கு விலக்கன்று.

நம் ஆற்றங்கரைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. ஆழ்வார்திருநகரியைத் தாண்டிச் செல்லும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' என்பதை வெளியிட்டவர். அவரே 1586-இல் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சேற்றினார். அது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதென்று ஆய்வாளர் பலர் கொள்வர். செபங்களையும் கோட்பாடுகளையும் அடுத்து அவர் மக்கள் கையில் கொடுத்தது கதைகளையே என்பது எண்ணத்தக்கது. நம்பிக்கை வேரூன்ற வினாவிடை மட்டும் போதாது, பின்பற்றத்தக்க மனிதர்களும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

சிவகாசி வழியே வந்த மாயாவி

இன்று நாம் அறிந்த அதிவீரன் 1938-இல் அமெரிக்காவில் பிறந்தான். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் யூதக் குடியேறிகளின் புதல்வர் இருவர் படைத்த சூப்பர்மேனே அவன். எளியவர் துன்புறும் காலத்தில், அவர்களுக்காகப் பரிந்து வரும் வலியவன் ஒருவனை அவ்விளைஞர்கள் கனவு கண்டனர். நம் நாட்டில் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் முகமூடி வேதாளனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை நம் புராண, வரலாற்று நாயகர்களை அதே வடிவில் தந்தது.

தமிழில் இத்துறையின் தலைநகரம் சிவகாசி. தீப்பெட்டிச் சீட்டும் நாட்காட்டியும் அச்சிட்ட அந்நகரிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடர்ந்தன. நெல்லையிலும் திருவைகுண்டத்திலும் திருச்செந்தூர்ச் சாலையிலும் பெட்டிக்கடைக் கயிறுகளில் அவை தொங்கிய காட்சியை எம் வயதினர் மறக்கமாட்டார்கள். ஒருவன் வாங்க, பத்துப்பேர் படிப்போம்.

இங்கே ஓர் உண்மையைச் சுட்ட விரும்புகிறோம். இரும்புக்கை மாயாவி இங்கிலாந்து இதழொன்றில் 1962-இல் தோன்றிய பாத்திரம். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பெற்ற அவன், மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குப் புலப்படமாட்டான். கை மட்டும் தெரியும். அந்த ஆற்றலைப் பெற்றவுடன் அவன் முதலில் இறங்கியது குற்றத்தில். பின்னரே நீதியின் பக்கம் வந்தான். 1965-இல் பிறந்த ஸ்பைடரும் அவ்வாறே குற்றவுலகின் பேரரசனாக ஆசைப்பட்டுத் தொடங்கி, பின்பு தீயோரை எதிர்ப்பவனாக மாறியவன். அவன் கதைகளுள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல் என்பது வியப்பான செய்தி. ஆக, தமிழ்ச் சிறுவர் கொண்டாடிய அவ்விருவருமே மனம் மாறிய மனிதர்கள். 1999-இல் நாம் கிழித்தது மனந்திரும்பிய குற்றவாளி ஒருவனின் கதையை! படித்துப் பாராமலே கிழித்தோம்.

தீயிட்டவர்களும் மாற்று வழி கண்டவர்களும்

நம்மைப் போல் அவசரப்பட்டவர்கள் வேறு நாடுகளிலும் இருந்தனர். 1948-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்ட்டன் நகரில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் சித்திரக் கதைகளைத் திரட்டித் தீயிட்டனர். 1954-இல் மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம், இளங்குற்றங்களுக்குச் சித்திரக் கதைகளே காரணமென நூல் எழுதினார். அமெரிக்க ஆட்சிமன்றக் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் அதே ஆண்டில் தமக்குத் தாமே ஒழுங்குவிதி வகுத்துக்கொண்டனர். அவ்விதி 2011-இல் முற்றிலும் வழக்கொழிந்தது. வெர்த்தம் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதை 2012-இல் கேரல் டில்லி என்னும் ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளைக் கொண்டே காட்டினார்.

ஆயினும் வெர்த்தத்தின் அச்சம் முழுவதும் வெறுமையன்று. அக்காலத்து இதழ்கள் சிலவற்றில் கொடூரம் அளவு கடந்திருந்தது. நம் நாட்டிலும் 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் தொடரைக் கண்டு குழந்தைகள் அபாயச் செயல்களில் இறங்கியதாக நாளேடுகள் எழுதியதும், அவ்வாறு செய்யாதீர்கள் என்று நாயக நடிகரே திரையில் தோன்றி அறிவுறுத்தியதும் நினைவிருக்கும். தெரேசாவின் கதையை இங்கே மீண்டும் எண்ணிப் பாருங்கள். கதை எதுவாயினும் அருகில் பெரியவர் ஒருவர் வேண்டும்.

அதே அமெரிக்கத் திருச்சபையில் வேறொரு வழியும் பிறந்தது. 1946 முதல் 1972 வரை கத்தோலிக்கப் பள்ளிகளில் 'டிரெஷர் செஸ்ட்' என்னும் சித்திரக் கதை இதழ் வழங்கப்பட்டது. அதில் 1964-இல் வந்த ஒரு தொடர்கதை, குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் நல்ல மனிதர் ஒருவரைப் பற்றியது. அவர் முகத்தைக் காட்டாமலே கதை நகர்ந்து, இறுதியில் அவர் கறுப்பினத்தவர் என்று வெளிப்படுத்தியது. முகம் காணாமல் அம்மனிதரை நேசித்துவிட்ட சிறுவர்கள், முகம் கண்டபின் எப்படி வெறுப்பார்கள்? எரித்தவர்கள் சாதிக்காததை, வரைந்தவர்கள் சாதித்தார்கள். பின்னாளில், அதிவீரர் கதைகளால் புகழ்பெற்ற மார்வல் நிறுவனமே 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் வாழ்வையும், 1984-இல் அன்னை தெரேசாவின் வாழ்வையும் சித்திரக் கதையாக வெளியிட்டது.

தேனீயின் வழி

அப்படியாயின் எதைத் தெரிந்தெடுப்பது? நான்காம் நூற்றாண்டில் பெரிய பசிலியார், வேற்றுச் சமய இலக்கியங்களைக் கற்ற இளைஞர்களுக்கு ஓர் உரை வரைந்தார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை. அமர்ந்த பூவையும் முழுதாகத் தூக்கிச் செல்வதில்லை. வேண்டியதைக் கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது என்னும் உவமையால் அவர் வழிகாட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில், தெரிந்தெடுக்கும் பொறுப்பை வாசகரிடத்தும் பெற்றோரிடத்தும் வைத்தது. 1966-இல் தடை நூல் பட்டியலின் சட்ட வலிமை நீங்கியது. அன்று முதல் பட்டியலின் இடத்தில் நம் மனச்சான்று அமர்ந்திருக்கிறது. இது எளிதான வேலை அன்று.

நாம் சில கேள்விகளை முன்வைக்கிறோம். முதலாவது, வீரனின் ஆற்றல் யாருக்காகச் செலவாகிறது? 1962-இல் தோன்றிய ஸ்பைடர்மேன், தனக்கென்ன என்று ஒரு திருடனைத் தப்பவிடுகிறான். அவனே பின்னர் இவனை வளர்த்த பெரியப்பாவைக் கொல்கிறான். செய்யத் தவறிய நன்மையும் பாவமே என்று நாம் பலமுறை சொல்லியும் பதியாதது, அக்கதையில் ஒரே பக்கத்தில் பதிந்துவிடுகிறது. இரண்டாவது, அடிபடுபவனுக்கு வலிக்கிறதா? வலியே இல்லாத வன்முறை பொய் சொல்கிறது. மூன்றாவது, எதிரியின் முகம் எப்படி வரையப்பட்டிருக்கிறது? வேதாளன் கதைகளில் வெள்ளையர் ஒருவரே தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களைக் காக்கிறார். அதைப் படிக்கும் பிள்ளையிடம், அம்மக்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்க வேண்டும். நான்காவது, பெண்கள் காப்பாற்றப்படுவதற்கு மட்டுமே வருகிறார்களா? ஐந்தாவது, இது எந்த வயதினருக்கானது? இன்று அதிவீரர் கதைகளுள் பல பெரியவர்களுக்கென்றே எழுதப்படுகின்றன. அட்டையில் வயதுக் குறிப்பு இருந்தால் பாருங்கள்; இல்லையேல் முதலில் நீங்கள் படியுங்கள்.

இறுதிக் கேள்வியே தலையாயது: படித்தபின் பிள்ளையோடு பேச யார் இருக்கிறார்கள்? ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுவிட்டது. லயனும் முத்துவும் 2012-இல் புத்துயிர் பெற்றுச் சந்தா வழியாகவும் புத்தகக் கண்காட்சிகள் வழியாகவும் விற்கப்படுகின்றன. அவற்றைத் தேடி வாங்குவோருள் மிகுதியானோர் அன்றைய சிறுவர்களே. இன்றைய சிறுவர் கையில் இருப்பதோ கைப்பேசி. அதில் ஓடும் படம் பிள்ளைக்காக நிற்பதில்லை. புத்தகத்தின் கட்டமோ நிற்கிறது. பிள்ளை விரல் வைத்து எழுத்துக் கூட்டக் காத்திருக்கிறது. கேள்வி கேட்க அங்கே நேரம் இருக்கிறது.

புளியமரத்தடியில்

திருக்குருகூர் என்று பழம்பெயர் கொண்ட ஆழ்வார்திருநகரியின் நாயகர் நம்மாழ்வார். அவர் பிறந்தது முதல் பதினாறு ஆண்டுகள் பேசாமல் புளியமரத்தடியில் அமர்ந்திருந்தார் என்பதும், வடதிசை சென்றிருந்த மதுரகவியார் ஓர் ஒளியைக் கண்டு தேடி வந்து கேள்வி கேட்டபோதே வாய் திறந்தார் என்பதும் வைணவ மரபு. சமயம் வேறாயினும் இந்த ஆற்றங்கரையில் வாழும் நாம் அதை மதித்து நோக்குகிறோம். பறக்காமலும் போரிடாமலும் ஒருவர் பெரியவராக முடியும் என்பதை அம்மரம் சொல்கிறது. நம் ஆண்டவரும் சிலுவையிலிருந்து இறங்கி வந்து வல்லமையைக் காட்டும்படி ஏளனம் செய்யப்பட்டபோது, இறங்கவில்லை. வல்லமை இருந்தும் அதைத் தமக்கெனப் பயன்படுத்தாத வீரம் அது. முகமூடி வீரர்களைப் படித்து வளரும் பிள்ளையை ஒருநாள் அந்தச் சிலுவையடிக்கு அழைத்து வருவதே நம் பணி. ஆயினும் வீரக் கதையையே அறியாத பிள்ளைக்கு அந்த வீரத்தின் புதுமை எப்படிப் புரியும்?

நூலகம் திறந்துவிட்டோம். ஒரே ஒரு மர அலமாரி. மேல் தட்டில் புனிதர் வரலாறுகள். கீழ்த் தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், பெற்றோர் மூவர் படித்துத் தெரிந்தெடுத்த சித்திரக் கதைகள். உபதேசியாரும் அம்மூவருள் ஒருவர். "பரவாயில்ல சாமி, இந்த இரும்புக்கைக்காரன் திருந்திட்டான்" என்றார் அவர்.

பதிவேட்டில் முதல் எண் பெற்ற நூல், நெல்லைப் பழைய புத்தகக் கடையில் நெடுநாள் தேடி வாங்கிய ஸ்பைடர் கதை. அன்று நாம் கிழித்த அதே கதைதானா என்று நமக்கு உறுதியில்லை. அந்தச் சிறுவன் இன்று முப்பத்தைந்தைக் கடந்திருப்பான். எங்கிருக்கிறான் என்று அறியோம். அவன் என்றேனும் இவ்வழியே வந்தால், கடன் தீர்க்க அது அங்கே இருக்கும். அதுவரை மற்றப் பிள்ளைகள் படிக்கட்டும்.