டில்லமூக் மாநிலக் காடு

டில்லமூக் மாநிலக் காடு, ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 64 கி.மீ. தொலைவில் கரையோர மலைத்தொடரில் அமைந்துள்ள காடு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 3,64,000 ஏக்கர் (1,470 ச.கி.மீ.). ஓரிகன் வனத்துறை இதனைப் பராமரிக்கிறது. இன்று பசுமையாகக் காணப்படும் இக்காட்டின் பெரும்பகுதி, தீயில் அழிந்த பின்னர் மனிதர்களால் மீண்டும் உருவாக்கப்பட்டதாகும்.

வரலாறு

1933 ஆகஸ்ட் 14 அன்று, கேல்ஸ் கிரீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டும் பணி நடந்த இடத்தில் தீ மூண்டது. முதல் பத்து நாட்களில் ஏறத்தாழ 40,000 ஏக்கர் எரிந்தது. ஆகஸ்ட் 24 அன்று வறண்ட கிழக்குக் காற்று வீசத் தொடங்கியதும், ஏறத்தாழ 20 மணி நேரத்தில் மேலும் 2,00,000 ஏக்கர் தீக்கிரையானது. 1939, 1945, 1951 ஆகிய ஆண்டுகளிலும் இப்பகுதியில் தீ பரவியது. ஆறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இந்நான்கு தீவிபத்துகளும் சேர்த்து 'டில்லமூக் எரிவு' என அழைக்கப்படுகின்றன. மொத்தம் 3,55,000 ஏக்கர் காடு இவற்றால் பாதிக்கப்பட்டது.

எரிந்த நிலத்துக்கு வரி செலுத்த விரும்பாமல் உரிமையாளர் பலர் அதனைக் கைவிட்டனர். அந்நிலங்கள் கவுண்டி நிர்வாகங்களிடம் சென்று, பின்னர் மாநில அரசுக்கு மாற்றப்பட்டன. இதற்கு ஈடாக, மர விற்பனை வருவாயில் ஒரு பங்கு கவுண்டிகளுக்கு வழங்கப்படுகிறது.

மீள் காடாக்கம்

மீள் காடாக்கத்துக்காகக் கடன்பத்திரங்கள் வெளியிடும் திட்டத்தை 1948 இல் ஓரிகன் வாக்காளர்கள் சிறிய வாக்கு வேறுபாட்டில் ஏற்றனர். 1949 முதல் 1973 வரை ஏறத்தாழ 7.2 கோடி நாற்றுகள் கையால் நடப்பட்டன. தொழிலாளர்களுடன் பள்ளி மாணவர்களும் சிறைக்கைதிகளும் இப்பணியில் ஈடுபட்டனர். உலங்கு வானூர்திகளில் இருந்தும் விதைகள் தூவப்பட்டன. 1973 இல் ஆளுநர் டாம் மெக்கால் இதனை மாநிலக் காடாக அறிவித்தார்.

தாவரங்களும் விலங்குகளும்

டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரமே இங்கு மிகுதி. ஹெம்லாக், செடார், ஆல்டர் மரங்களும் உள்ளன. பெரும்பாலும் ஒரே இன மரங்கள் ஒரே காலத்தில் நடப்பட்டதால், இலைகளை உதிரச் செய்து வளர்ச்சியைக் குறைக்கும் ஒரு பூஞ்சை நோய் கவலைக்குரியதாக உள்ளது. ரூசவெல்ட் எல்க் மான், கருவால் மான், கருங்கரடி, பூமா ஆகியன இங்கு வாழ்கின்றன. வில்சன், டிராஸ்க், நெஹேலம் முதலிய ஆறுகளுக்குச் சால்மன் மீன்கள் கடலில் இருந்து முட்டையிட வருகின்றன.

பொழுதுபோக்கு

மலையேற்றம், மீன்பிடித்தல், முகாமிடுதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியன முக்கிய பொழுதுபோக்குகள். 983 மீட்டர் உயரமுள்ள கிங்ஸ் மலையின் செங்குத்தான பாதை மலையேறுவோரிடையே பெயர் பெற்றது. கரடுமுரடான பாதைகளில் செல்லும் மோட்டார் வண்டிகளுக்குத் தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வில்சன் ஆற்றங்கரையில் 2006 இல் திறக்கப்பட்ட டில்லமூக் வன மையத்தில், தீ கண்காணிப்புக் கோபுரத்தின் மாதிரியும் ஆற்றைக் கடக்கும் தொங்கு பாலமும் உள்ளன.

மேலாண்மை விவாதம்

காட்டை மர உற்பத்திக்கு எவ்வளவு பயன்படுத்துவது, இயற்கைக்கு எவ்வளவு விட்டு வைப்பது என்பது நீண்டகால விவாதமாகும். காட்டின் பாதியைப் பாதுகாப்புக்கு ஒதுக்கக் கோரிய முன்மொழிவு 2004 வாக்கெடுப்பில் தோற்றது. போதிய மரம் வெட்டப்படாததால் வருவாய் இழந்ததாகக் கவுண்டிகள் தொடுத்த வழக்கில், 2019 இல் அவற்றுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் அத்தீர்ப்பை மாற்றியது.

இவற்றையும் பார்க்க

காட்டுத்தீ
மீள் காடாக்கம்
ஓரிகன்