பருவம் விற்கும் கடைகள்

ஜப்பானில் பணியின் பொருட்டுக் குடியமரும் அயல்நாட்டார் முதல் ஆண்டிலேயே வியந்து குறித்துக்கொள்ளும் செய்திகளுள் ஒன்று, அந்நாட்டுத் துரித உணவுக் கடைகளின் விலைப்பட்டியல் ஒருநிலையில் நில்லாமை. செப்டம்பர் பிறந்ததும் கடைவாயிலில் முழுநிலாவின் படம் தோன்றுகிறது. முட்டை வைத்த பர்கர் ஒன்று விற்பனைக்கு வருகிறது. சில வாரங்கள் கழித்துச் சென்று கேட்டால் படமும் இல்லை, பண்டமும் இல்லை. குளிர்காலத்தில் வெண்ணிறப் பாற்குழம்பை உள்ளடக்கிப் பொரித்த வடை போன்ற ஒன்று ரொட்டியின் நடுவே அமர்கிறது. வசந்தத்தில் செர்ரிப்பூவின் பெயர் தாங்கிய பானங்கள் வருகின்றன. 2012ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் ரொட்டியையே கரிய நிறத்தில் சுட்டு விற்றது. அயலார் முதலில் நகைக்கிறார்கள். ஊருக்கு எழுதும் கடிதங்களில் இதனை ஒரு வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் அவர்களே நிலாப்படம் எப்போது வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்பண்டங்களின் மீது 'கிசெத்சு கெந்தேய்' என்னும் தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். அலுவலகத் தமிழில் இதனைப் 'பருவ காலத்திற்கு மட்டும் வரையறுக்கப்பட்டது' என்று நீட்டி எழுதுவோம். பொருள் வந்துவிடும், பசி வராது. ஜப்பானியர் காதில் அத்தொடர் ஒலிக்கும்போது அதன் பின்னால் முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று சேர்ந்து ஒலிக்கின்றது.

இஃது அமெரிக்க வாணிகம் கொண்டுவந்த தந்திரம் என்று ஒதுக்குவார் உளர். அமெரிக்கக் கடைகள் வருவதற்கு நெடுநாள் முன்னரே ஜப்பானில் துரித உணவு இருந்தது. அதற்குத் தாயகம் எடோ என்று அந்நாளில் வழங்கிய டோக்கியோ நகரம். 1635ஆம் ஆண்டில் ஷோகுன் ஆட்சி, சிற்றரசர்கள் மாறி மாறித் தலைநகரில் வந்து வசிக்க வேண்டும் என்று விதித்தது. அவர்களோடு குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த வீரர்களும் ஏவலரும் பெருந்திரளாக எடோவில் தங்கினார்கள். 1657ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி வெந்து சாம்பலாயிற்று. அதனை மீண்டும் எழுப்பத் தச்சரும் கொத்தரும் கூலியாட்களும் நாட்டுப்புறங்களிலிருந்து வந்து குவிந்தனர். 18ஆம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் தனியாக வாழ்ந்த ஆடவர் மிகப் பலர். அடுப்பு மூட்டச் சிற்றறையில் இடமில்லை. சமைத்துப் போட ஆளுமில்லை. ஆகவே தெருவோரத்தில் தள்ளுகடைகள் பெருகின. கோதும்பி மாவில் செய்த சோபா நூடுல்ஸ், குச்சியில் கோத்துப் பொரித்த தெம்புரா, 1820களில் பரவிய கையால் பிடித்த சுஷி ஆகியவை நின்றபடியே உண்டு காசு வைத்துவிட்டுப் போகும் உணவுகளாயிருந்தன. இன்று உயர்ந்த விடுதியில் பணிவோடு பரிமாறப்படும் சுஷி, வெளியூர்க் கூலியாளின் இரண்டு கவளமாகத் தொடங்கிய கதை இது.

இந்நகரத்தைக் கண்ட அயலாரும் உண்டு. டச்சு வணிகக் கழகத்தின் மருத்துவராக 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானியர் இருமுறை எடோவுக்குப் பயணம் செய்தார். வழியெங்கும் இருந்த சத்திரங்களையும் சிற்றுண்டிச் சாலைகளையும் அவர் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார்.

வீட்டை விட்டு வந்தவனுக்கு வயிறு மட்டுமா பசிக்கிறது? இன்ன மாதத்தில் இன்னது உண்பது என்ற முறையும் அவனுக்கு வேண்டியிருக்கிறது. ஜப்பானியர் ஓர் உணவின் பருவத்தை மூன்றாகப் பிரிப்பர். புதிதாக வரும் காலம் 'ஹஷிரி'. நிறைந்து கிடைக்கும் காலம் 'சகரி'. விடைபெறும் காலம் 'நகோரி'. எடோ மக்களுக்கு முதலாவதன் மீதே பித்து. நம் கடற்கரையார் சூரை என்றழைக்கும் மீனின் முதல் வரவுக்காக மனைவியை அடகு வைத்தாலும் தகும் என்று விளையாட்டாகச் சொல்லும் வழக்கே அங்கே இருந்தது. 1812ஆம் ஆண்டில் கபுகி நடிகர் நக்கமுரா உத்தயேமோன் அத்தகைய மீன் ஒன்றுக்கு 3 ரியோ பொன் கொடுத்தார் என்பது குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்தப் பித்து விலைகளை ஏற்றியதால், இன்னின்ன காய்கறியும் மீனும் இன்ன மாதத்திற்கு முன்னர் விற்கலாகாது என்று ஷோகுன் ஆட்சி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. விற்பனைத் தொடக்க நாள் என்பது இன்றைய விளம்பரத் துறையினர் கண்டுபிடித்ததன்று, அரசாணையிலேயே இடம்பெற்றது.

வணிகர் பருவத்தைப் படைத்ததும் பழங்கதையே. கோடையில் விலாங்கு மீன் விற்பனை மந்தமாயிருந்தது என்றும், ஹிரகா கென்னாய் என்ற அறிஞர், எருதுக்குரிய கோடை நாளில் விலாங்கு உண்க என்று கடைவாயிலில் எழுதி வைக்கச் சொன்னார் என்றும் கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, ஜப்பானியர் இன்றும் அந்நாளில் விலாங்கு உண்கின்றனர்.

1873ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் ஜப்பான் தன் பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டு மேனாட்டு நாட்காட்டியை ஏற்றது. எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவில் நிலாவைக் கண்டு, மாவுருண்டையும் நாணற்பூவும் படைக்கும் 'த்சுகிமி' விழாவுக்கு அதனால் நிலையான தேதி இல்லாமற்போயிற்று. 2024இல் அது செப்டம்பர் 17. 2025இல் அக்டோபர் 6. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் பலர் அதனை மறந்துவிடுவதும் இயல்பே.

அமெரிக்கக் கடைகள் இந்நிலையில்தான் வந்து சேர்ந்தன. 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் கென்டக்கி கோழிக்கடை சோதனை முறையில் நடைபெற்றது. 1971 ஜூலையில் டோக்கியோவின் கின்சாப் பகுதியில் மெக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டது. 1972இல் தோன்றிய மோஸ் பர்கர் என்னும் உள்நாட்டு நிறுவனம் மறு ஆண்டே தெரியாகிச் சாற்றில் தோய்த்த பர்கரை விற்றது. 1991ஆம் ஆண்டில் மெக்டொனால்ட்ஸ் 'த்சுகிமி பர்கர்' என்பதை அறிமுகம் செய்தது. நூடுல்ஸின் மேல் உடைத்து ஊற்றிய முட்டையின் மஞ்சட்கருவை நிலா எனக் கருதி, அவ்வுணவை 'த்சுகிமி' என்றழைப்பது முன்பே இருந்த வழக்கு. கடைக்காரர் செய்ததெல்லாம் அம்முட்டையை நூடுல்ஸிலிருந்து எடுத்து ரொட்டிக்குள் வைத்தது ஒன்றே. ஏனைய நிறுவனங்களும் பின்னர் இதனைப் பின்பற்றின.

இவ்விடத்தில் இந்தியருக்கு ஓர் உரிமை இருக்கிறது. நிலாவில் முயல் இருக்கிறது என்று ஜப்பானியக் குழந்தைகள் அறிவார்கள். விருந்தாளிக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் தீயில் தானே பாய்ந்த முயலின் கதை புத்த ஜாதகங்களுள் ஒன்று. 12ஆம் நூற்றாண்டையொட்டித் தொகுக்கப்பட்ட 'கொன்ஜாக்கு மொனொகதாரி' என்னும் ஜப்பானியக் கதைத்தொகுதி அதனை இந்திய நாட்டுக் கதைகளின் பகுதியிலேயே வைத்திருக்கிறது. முயற்கறை என்று நாம் நிலாவின் களங்கத்தைக் குறிக்கும் சொல்லும் அக்கதைக்கு உறவே. செப்டம்பரில் டோக்கியோக் கடையின் வரிசையில் நிற்கும் தமிழன் அந்தப் படத்தின் எதிரே முழு அயலானாக நிற்கவில்லை. அப்பர்கரில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இருப்பதால் நம்மவர் பலர் படத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்பது வேறு செய்தி.

வாணிகம் விழாவைக் கெடுத்துவிட்டது என்ற குறை ஜப்பானிலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. நிலா நிறைவதற்குப் பல நாள் முன்பே கடையில் நிலா வந்துவிடுகிறது. ஆயினும் வெளியூரானின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. வீட்டுக்குள் நடக்கும் விழாவுக்கு உறவோ அழைப்போ வேண்டும். தெருக்கடையின் பருவத்துக்குச் சில நாணயங்கள் போதும். எடோவின் தச்சனுக்கு முதற் சூரை மீன் எட்டாததாயிருந்திருக்கலாம். சோபாக் கிண்ணம் எட்டியது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், அவ்வூர்ப் பண்டிகைகளை முதன்முதலில் இனிப்புக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றே அறிந்துகொள்கிறோம் அல்லவா?

இந்தக் கடைகள் தாமே விதிக்கும் தட்டுப்பாட்டுக்கு இடையே மெய்யான தட்டுப்பாடும் வந்ததுண்டு. அமெரிக்க மாடுகளில் நோய் கண்டதால் 2003 டிசம்பரில் இறைச்சி இறக்குமதி நின்றது. 1899இல் நிஹொன்பாஷி மீன்சந்தையில் தொடங்கிய யோஷினோயா என்னும் சோற்றுக்கடை 2004 பிப்ரவரி 11இல் தன் மாட்டிறைச்சிச் சோற்றை நிறுத்தியது. கடைசிக் கிண்ணத்துக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். 2006 செப்டம்பர் 18ஆம் நாள் ஒரே ஒரு நாளைக்கு அது திரும்பி வந்தபோதும் நின்றார்கள். கப்பல் தாமதத்தால் 2014, 2021 டிசம்பர்களில் மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலைச் சிறிய அளவில் மட்டுமே விற்றது.

அயலார் இவ்வழக்கத்தை நுகர்ந்தது மட்டுமன்று. படைத்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு என்று கூறப்படுகிறது. ஜப்பானில் கிறித்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே. எனினும் டிசம்பர் 24ஆம் நாள் எண்ணற்ற குடும்பங்கள் கென்டக்கிப் பொரித்த கோழியை உண்கின்றன. 1974ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இதற்கான விளம்பரத்தை நாடெங்கும் செய்தது. ஜப்பானில் வான்கோழி கிடைக்காததால் இக்கோழியைக் கொண்டு பண்டிகையை முடித்துக்கொள்கிறேன் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கடையில் சொன்னதே இதன் தொடக்கம் என்பது நிறுவனம் கூறும் வரலாறு. முதற்கடையை நடத்தியவரோ, குழந்தைகளின் விழாவொன்றில் தாம் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டுக் கோழியுடன் சென்றதிலிருந்து தொடங்கியது என்று சொல்லியிருக்கிறார். எது முந்தியது என்பது ஒருபுறமிருக்க, மேல்நாட்டாரின் பண்டிகை உணவு இதுவே என்று நம்பிய ஜப்பானியர் பலர். இன்று டோக்கியோவில் வசிக்கும் அமெரிக்கர், தம் ஊரில் அந்நாளில் ஒருபோதும் உண்ணாத கோழிக்காகப் பல வாரங்களுக்கு முன்னரே பெயரைப் பதிந்துவிட்டுக் குளிரில் வரிசையில் நிற்கிறார்.