மேற்கே போன ஆறு

கிரேக்கத் தீவுகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கடலில் ஆரம்பிப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை மலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். மேற்கே ஏலமலை; கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான்.

பெரியாறோ மலைக்கு அப்பால் அரபிக்கடலைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பும் யோசனை வெள்ளைக்கார எஞ்சினீயர்களுக்குத்தான் முதலில் தோன்றியது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1789-ல் ராமநாதபுரத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். வைகையின் கடைக்கோடியில் வறண்ட கண்மாயைக் கண்டவருக்கல்லவா தண்ணீரின் அருமை தெரியும்! பணத்துக்கு வழியில்லாமல் அந்த யோசனை நின்றுபோயிற்று.

1886-ல் சென்னை அரசாங்கம் திருவிதாங்கூரிடம் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதி வாங்கியது. எழுதிக்கொண்ட இரண்டு அரசாங்கங்களும் அதில் நூறு வருஷம்கூட இருக்கவில்லை என்பது வேறு விஷயம். மறு வருஷம் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் கொண்டுபோயிற்று. கட்டியவர்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவர்களில் சிலருடைய கல்லறைகள் அணைக்கருகே இன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த ஒரு மைல் சுரங்கத்தின் வழியே பெரியாறு கிழக்கே இறங்கியது.

மனைவியின் நகைகளை விற்று அவர் அணையை முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது கதையாகவே இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைப்பது மட்டும் நிஜம்.

1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கூடலூர் விவசாயி காலைப் பத்திரிகையில் முதலில் தேடுவது இந்த அடிக்கணக்கைத்தான்.