சூரிச்சின் எந்திரமும் லிங்கராஜபுரத்தின் இணைக்கம்பியும்

நடக்கவைக்கும் ரோபோ பிறந்ததற்கு முக்கியக் காரணம் பிசியோதெரபிஸ்டுகளின் முதுகுவலி. தண்டுவடத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்புப் பின்னல் நடையின் தாளத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று பூனைகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியிருந்தன. ஜெர்மனியில் அன்டன் வெர்னிக்கும் மாண்ட்ரியலில் ஹ்யூக் பார்போவும் அதை மனிதர்களிடம் முயன்று பார்த்தார்கள். நோயாளியைக் கச்சையில் கட்டி டிரெட்மில்லுக்கு மேலே தொங்கவிடுவார்கள். இருபுறமும் குந்தியிருக்கும் இருவர் ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி வைப்பார்கள், மூன்றாமவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இருபது நிமிடத்தில் நோயாளிக்கு முன்னால் பயிற்சி தருபவர்கள் களைத்துப்போவார்கள். சூரிச்சின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் இருந்த பொறியாளர் கெரி கொலம்போ அந்த வேலையை மோட்டார்களிடம் ஒப்படைத்தார். இடுப்புக்கும் முழங்காலுக்கும் மோட்டார் பூட்டிய அந்தச் சட்டத்தை அவர் சேர்ந்து தொடங்கிய ஹோகோமா நிறுவனம் 2001 முதல் ‘லோக்கோமேட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், ஹட்சின்ஸ் ரோட்டை ஒட்டி, ‘அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி’ இருக்கிறது. அக்கம்பக்கத்தார் ‘ஏபிடி’ என்பார்கள். போலியோவால் பாதிக்கப்பட்ட என்.எஸ்.ஹேமா 1959-இல் தொடங்கிய அமைப்பு இது. தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் மறுவாழ்வும் அதன் வேலைகளில் ஒன்று. சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி, பைக் விபத்தில் சிக்கிய பையன், மரத்திலிருந்து விழுந்த விவசாயி என்று இந்த நகரமும் சுற்றுப்புறக் கிராமங்களும் அனுப்பிவைக்கும் ஆட்களுக்குக் குறைவே இல்லை. இத்தகைய இடங்களில் பயிற்சி தரையில் விரித்த பாயில் ஆரம்பிக்கிறது. முதலில் புரள்வது, எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது. கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது. சிறுநீர் வெளியேற்றும் கத்தீட்டரைத் தானே போட்டு எடுப்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் காலில் காலிப்பர் என்னும் தாங்குசட்டம் மாட்டி இணைக்கம்பிகளுக்கு நடுவே நிற்கவைப்பார்கள்.

இரண்டையும் ஒப்பிடுகிறவர் முதலில் எண்ணுவது காலடிகளை. எந்திரத்தில் அரைமணி நேரத்தில் ஆயிரம் அடிக்குக் குறையாமல் வைக்கலாம், எல்லாம் ஒரே அளவில், கணினித் திரையில் பதிவாகி. இணைக்கம்பியில் சில பத்து அடிகளுக்குள் தோளும் கையும் நடுங்க ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் நரம்பு கற்றுக்கொள்ளும் என்றால், எந்திரம் எளிதாக வென்றிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 146 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. எல்லோரும் அடிபட்டு எட்டு வாரத்துக்குள் இருந்தவர்கள். கச்சை கட்டி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் தரையில் வழக்கமான நடைப்பயிற்சி பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இதில் ரோபோ கிடையாது. ரோபோவையும் சேர்த்து நான்கு முறைகளை ஒப்பிட்ட மயாமி ஆய்வு 2011-இல் வெளியானது. நடக்கும் தூரத்தில் அதிகம் முன்னேறியவர்கள், மின்தூண்டலுடன் வெறும் தரையில் நடந்தவர்கள். ரோபோவில் பயின்றவர்களிடம் வேகம் கூடவே இல்லை.

எந்திரம் காலைத் துல்லியமாக நகர்த்திக் கொடுக்கும்போது, மூளைக்கும் மிச்சமிருக்கும் நரம்புக்கும் வேலை குறைந்துபோகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம். தரையில் தடுமாறுகிறவர் ஒவ்வொரு அடியிலும் விழாமல் இருக்கக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குத்தான் பயிற்சி. இதைப் புரிந்துகொண்டு புதிய எந்திரங்கள், தேவைப்படும் அளவு மட்டும் உதவுமாறு மாற்றப்பட்டன. அடிபட்ட முதல் சில மாதங்களில் இருப்பவர்களிடம் ரோபோ பயிற்சி பயன் தருகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எந்திரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் விளம்பரப் பதாகைகளில் எழுதப்படும் அளவுக்கு அதனிடம் சரக்கில்லை.

பதாகை சொல்லாத இன்னொன்று, யாருக்கு என்பது. தண்டுவடக் காயத்தை மருத்துவர்கள் ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறார்கள். ‘ஏ’ என்றால் காயத்துக்குக் கீழே, ஆசனவாய் வரை, உணர்ச்சியும் அசைவும் இல்லை. ‘ஈ’ என்றால் இயல்பு நிலை. சி, டி தரத்தினரில் பெரும்பாலோர் நல்ல பயிற்சி கிடைத்தால் எந்த முறையிலும் ஓரளவு நடந்துவிடுகிறார்கள். 2006 ஆய்வே அதைத்தான் காட்டியது. ‘ஏ’ தரத்தினர் எந்த எந்திரத்தில் பயின்றாலும் வெளியே வந்து சொந்தக் காலில் நடப்பது மிக அரிது. இதை முதல் மாதத்திலேயே குடும்பத்திடம் உடைத்துச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். சொல்லாமல் தள்ளிப்போடும் இடங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது.

டிரெட்மில்லோடு கட்டுண்ட எந்திரம் மருத்துவமனையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கே வரும் ரோபோவும் உண்டு: இடுப்பிலும் காலிலும் மாட்டிக்கொள்ளும் வெளிக்கூடு. அதில் பெயர்பெற்றது ‘ரீவாக்’. அதை உருவாக்கிய இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் 1997-இல் விபத்தில் கழுத்தில் அடிபட்டவர். 2014-இல் அமெரிக்க அரசு அதை வீட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. 2024-இல் அந்நாட்டின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் அதற்கு நிர்ணயித்த விலை சுமார் 91,000 டாலர்.

இந்த வெளிக்கூட்டையும் லிங்கராஜபுரத்துக் காலிப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஊன்றுகோல் வேண்டும், ஆகவே கை நன்றாக இருக்க வேண்டும். கழுத்தில் அடிபட்ட கோஃபரால் தன் கண்டுபிடிப்பையே மாட்டிக்கொண்டு நடக்க முடியவில்லை. ரீவாக் 160 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குப் பொருந்தாது. இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152. காலிப்பரை அளவெடுத்துச் செய்கிறார்கள். தோல்வாரும் உலோகக் கம்பியும் எந்தக் குட்டையான காலுக்கும் வளையும். உடைந்தால் பட்டறையில் பற்றவைக்கலாம். 2024-இல் அமெரிக்காவில் ஒரு முன்னாள் குதிரைப் பந்தய வீரர் வெளிக்கூட்டை இயக்கும் கைக்கடிகாரத்தின் கம்பி கழன்றதால் முடங்கிப்போனார். கருவி பழையதாகிவிட்டது, இனிப் பழுதுபார்க்க முடியாது என்றது நிறுவனம். செய்தி வெளியான பிறகே சரிசெய்து கொடுத்தார்கள். ஒரு லட்சம் டாலர் சாமான் கடிகாரக் கம்பிக்காக முடங்குகிறது என்றால், கோலாரிலோ கிருஷ்ணகிரியிலோ அதன் கதி என்னவாகும்?

காலிப்பருக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. இரண்டு காலும் செயலிழந்தவர் அதை மாட்டி நடப்பது உடம்பைப் பிழியும் வேலை. தோள்பட்டை சீக்கிரம் தேய்கிறது. வீட்டுக்குப் போன சில மாதங்களில் அது ஆணியில் தொங்குவதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறோம். வெளிக்கூட்டின் சங்கடம் வேறு. அதை மாட்டியவர்களின் சராசரி வேகம் வினாடிக்கு 26 சென்டிமீட்டர் என்று ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. பத்து மீட்டர் அகலச் சாலையைக் கடக்க முப்பத்தெட்டு வினாடி ஆகும். ஹென்னூர் மெயின் ரோட்டில் அவ்வளவு நேரம் எந்த ஆட்டோ காத்திருக்கும்?

ஆகவே அன்றாட வாழ்க்கை என்று வரும்போது இரண்டுமே வீல்சேரிடம் தோற்கின்றன. கோஃபரே பின்னாளில் நிற்கவைக்கும் சக்கர வாகனம் ஒன்றை உருவாக்கி அதைத் தாமே பயன்படுத்தினார். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு 2019-இல் ‘அரைஸ்’ என்ற நிற்கும் வீல்சேரை வெளியிட்டது; அப்போது விலை 15,000 ரூபாய் அளவில். நின்றால் எலும்புக்கும் குடலுக்கும் நல்லது, தசையிறுக்கம் தளர்கிறது, எதிரே இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசலாம். நடக்கும் ரோபோவிடம் பலர் உண்மையில் தேடுவதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அதன் தொடக்கமும் பெங்களூருதான். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இங்கே வந்த பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மறுபடி நடக்கவில்லை. 1981-இல் ஆய்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்பு, வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அங்கே மறுவாழ்வுத் துறை உருவாகக் காரணமானார். காலுக்குக் காத்திருந்திருந்தால் இந்த இரண்டு நிறுவனங்களும் நமக்குக் கிடைத்திருக்காது.

பணக்கணக்குக்கு வருவோம். சூரிச்சில் ஒரு பிசியோதெரபிஸ்டின் மணிநேரம் விலை உயர்ந்தது. மூவர் வேலையை ஒரு எந்திரம் செய்தால் சில வருடங்களில் போட்ட முதல் தேறிவிடும். பெங்களூரில் மூன்று பயிற்சியாளர்களின் வருடச் சம்பளம் எந்திரத்தின் விலைக்கு எட்டுகிற தூரத்தில்கூட இல்லை. எந்திரத்தின் விலை கோடிகளில். அங்கே ஆள்செலவை மிச்சப்படுத்தப் பிறந்த ஒன்று, இங்கே ஆளைவிடப் பல மடங்கு செலவு வைக்கிறது. போட்ட முதலை எடுக்க வேண்டிய தனியார் மருத்துவமனை, சி, டி தரத்தினரை மட்டும் ஏற்றினால் கட்டுப்படியாகாது. ‘ஏ’ தரத்தினரையும் ஏற்ற வேண்டிய நெருக்கடி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கணக்கை மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. சாக்கடைக்குள் மனிதர் இறங்காமலிருக்க ‘பேண்டிகூட்’ செய்த திருவனந்தபுரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், ‘ஜி-கெய்ட்டர்’ என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்தது. கேரள அரசு அதைத் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் நிறுவியது. அரசு மருத்துவமனையில் இருக்கும் எந்திரத்துக்கு ஆள்பிடிக்க வேண்டிய அவசியமில்லை. யாருக்குப் பயன்படுமோ அவரை மட்டும் அதில் ஏற்றலாம். கர்நாடகமும் தமிழ்நாடும் ரோபோ வாங்குவதானால், அடிபட்டவர்கள் முதலில் வந்துசேரும் அரசு மருத்துவமனைகளில் ஒன்றிரண்டை வைத்து, முதல் ஆறு மாதத்தில் இருக்கும் சி, டி தரத்தினருக்கு என்று ஒதுக்கட்டும். மிச்சப் பணத்தை லிங்கராஜபுரம் போன்ற இடங்களின் பாய்க்கும், அளவெடுத்த வீல்சேருக்கும், வீட்டுக்கே போய்ப் பழக்கும் சக பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கும் கொடுக்கட்டும். அந்தச் சக பயிற்சியாளரும் வீல்சேரிலேயே வருகிறவர். அவர் முதலில் அளப்பது கழிவறைக் கதவின் அகலத்தை. வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டடி. வீல்சேர் அதற்குள் நுழையாது. கதவைக் கழற்றித் திரை போட வீட்டு உரிமையாளரைச் சம்மதிக்கவைப்பதும் அவர் வேலைதான்.