அடுத்த ஞாயிறு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்பந்துப் போட்டி சுவரொட்டியில்தான் தொடங்கும். கோயில் திருவிழாவை முன்னிட்டோ பொங்கலை முன்னிட்டோ ‘மாபெரும் எழுவர் கால்பந்துப் போட்டி’. முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை உபயம் இன்னார், நுழைவுக் கட்டணம் இவ்வளவு. கீழே சிறிய எழுத்தில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. சனிக்கிழமை காலை தொடங்கினால் ஞாயிறு ராத்திரி ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் கோப்பையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். 16 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே 8 அணிகளுக்கு வேலை முடிந்தது. வேன் வாடகையைப் பிரித்துக் கொடுத்து, ஜெர்சி அடித்து, இரண்டு வாரம் பிராக்டிஸ் பண்ணி வந்த பையன்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, “இன்னிக்கு நம்ம நாள் இல்லடா” என்று பரோட்டா சாப்பிட்டுத் திரும்புவார்கள். அடுத்த சுவரொட்டி வரும்வரை அவர்களுக்குக் கால்பந்து இல்லை.

இந்த நாக்-அவுட் முறை நடத்துபவருக்கு வசதியானது. 16 அணிகளில் ஒரு சாம்பியனைக் கண்டுபிடிக்க 15 ஆட்டங்கள் போதும். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியே போகும், அவ்வளவுதான் கணக்கு. அதே 16 அணிகளும் ஒன்றோடொன்று சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்று ஆடினால் 240 ஆட்டங்கள் வரும். கடைசி இடத்தில் முடிக்கும் அணியும் 30 ஆட்டங்கள் ஆடியிருக்கும். இதுதான் லீக். யார் கெட்டிக்காரர் என்று நாக்-அவுட்டும் சொல்லிவிடும். ஆனால் தோற்றவனுக்கும் அடுத்த ஞாயிறு உண்டு என்பது லீக்கில் மட்டும்தான்.

இந்த இரண்டு வழிகளும் பிரிந்த ஆண்டு என்று 1888ஐச் சொல்லலாம். அந்த ஆண்டில் சிம்லாவில் பிரிட்டிஷ் ராணுவ அணிகளுக்காக டூரண்ட் கோப்பை தொடங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து ஃபுட்பால் லீக்கை ஆரம்பித்தன. யோசனை ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த வில்லியம் மெக்ரெகருடையது. பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். அதற்கு மூன்று வருடம் முன்புதான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்திருந்தது. சம்பளம் வாரா வாரம் கொடுக்க வேண்டும்; ஆட்டமோ நிச்சயமில்லை. கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் வசூல் நின்றது. நட்பு ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள். திறந்திருக்குமா என்று தெரியாத கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது துணி வியாபாரிக்குத் தெரியாதா என்ன? ஆட்ட அட்டவணையை முன்கூட்டியே போட்டு, எல்லோரும் கட்டாயம் ஆட வேண்டும் என்று வைத்தார்.

இங்கே எல்லோரும் சொல்லும் கதை, இங்கிலாந்தில் ஒரு கிராமத்து அணிகூடப் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகலாம் என்பது. இன்று அது உண்மை. ஆனால் அந்த ஏணியின் உச்சிப் படி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

ஃபுட்பால் லீக் தொடங்கிய மறுவருடமே வடகிழக்கு இங்கிலாந்தில் நார்தர்ன் லீக் வந்தது. 1894இல் சதர்ன் லீக். 1905இல் லண்டன் பக்கம் இஸ்த்மியன் லீக். கௌரவமே போதும் என்று சொல்லி, ஆரம்பத்தில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பையோ பதக்கமோகூடக் கொடுக்காத அமெச்சூர்களின் லீக் அது. இவையெல்லாம் தனித்தனித் தீவுகள். மேலே இருந்த ஃபுட்பால் லீக்குக்குள் போக வழி ஒன்றுதான், வாக்கெடுப்பு. கடைசி இடங்களில் வந்த கிளப்புகளும் வெளியிலிருந்து விண்ணப்பித்த கிளப்புகளும் ஆதரவு கேட்டு நிற்கும். உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். உள்ளே இருப்பவர் தன்னைப்போல் உள்ளே இருப்பவருக்குத்தானே ஓட்டுப் போடுவார்? பெரும்பாலான ஆண்டுகளில் யாரும் வெளியேறவில்லை.

1980இல் ஆல்ட்ரிங்கம் என்ற கிளப் லீக்குக்கு வெளியே இருந்த அணிகளின் புதிய தேசியப் பிரிவில் சாம்பியன் ஆனது. ரோச்டேல் நான்காம் டிவிஷனின் கடைசி இடத்தில் முடித்தது. வாக்கெடுப்பில் ரோச்டேலுக்கு 26, ஆல்ட்ரிங்கத்துக்கு 25. ஒரே ஒரு ஓட்டு. எட்டு வருடம் முன்பு பாரோ என்ற கிளப்புக்கு நேர்மாறாக நடந்தது. அது கடைசி இடத்தில்கூட இல்லை. ஆனாலும் வெளியே அனுப்பினார்கள். எஃப்.ஏ. கோப்பையில் நியூகாசிலைத் தோற்கடித்துப் பேர் வாங்கியிருந்த ஹியர்ஃபோர்டு அதன் இடத்துக்கு வந்தது. பாரோ போய்வர ரொம்பத் தூரம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஊர் திரும்பி உள்ளே வர 2020 ஆயிற்று. 48 வருடம்.

1986-87 பருவத்தில்தான் விதி மாறியது. கீழே முதலிடம் வந்தால் தானாக மேலே, மேலே கடைசி இடம் வந்தால் தானாகக் கீழே. ஸ்கார்பரோ ஏறியது, லிங்கன் சிட்டி இறங்கியது. லிங்கன் மறுவருடமே ஜெயித்துத் திரும்பிவிட்டது. இறங்கியது ஆயுள் தண்டனையாக ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். கதவு திறந்தால் இரண்டு பக்கமும் திறக்கும்.

அந்த ஏணியின் கீழ்ப்பகுதிக்கு ‘நான்-லீக்’ என்று பெயர். இல்லாததைச் சொல்லி வைத்த பெயர்தான், ஆனால் உள்ளே எல்லாம் இருக்கிறது. மேல்படியில் நாடு முழுவதற்கும் ஒரு பிரிவு. அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என்று இரண்டு. அதற்கும் கீழே இறங்க இறங்க வட்டாரம் சுருங்கும். காரணம் பஸ் செலவு. தச்சு வேலையும் பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்களைச் சனிக்கிழமைதோறும் நானூறு கிலோமீட்டர் அனுப்ப முடியாது. ஒரு வட்டாரத்தில் கிளப்புகள் அதிகமானால், கோடை இடைவெளியில் எல்லையோரத்துக் கிளப்பைப் பக்கத்து லீக்குக்கு மாற்றுவார்கள். மேலேற ஜெயித்தால் மட்டும் போதாது. மைதானமும் தேற வேண்டும். விளக்கு, வேலி, உட்காரும் இடம், உடை மாற்றும் அறை என்று படிக்குப் படி தரம் உண்டு. 1994, 1995, 1996 என்று அடுத்தடுத்து மூன்று சாம்பியன்கள் மைதானம் தேறாததால் மேலே போக முடியவில்லை. கதவில் பூட்டு போய்க் கொக்கி வந்தது என்றும் சொல்லலாம்.

நம் பக்கம் நாம் எடுத்தது டூரண்டின் வழி. பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893. எல்லாம் சில வாரத்துத் திருவிழாக்கள். 1898இல் கல்கத்தா லீக் வந்தபோதும் அது வெள்ளைக்காரர்களுக்கானது. 1911இல் கேடயத்தை ஜெயித்த மோகன் பகான் 1915இல்தான் முதல் டிவிஷனுக்குள் வர முடிந்தது. அதன்பிறகும் அங்கே இரண்டு இந்திய அணிகளுக்குமேல் கூடாது என்று விதி. ஈஸ்ட் பெங்கால் அதை எதிர்த்துச் சண்டை போட்டு 1925இல் உள்ளே வந்தது. நம் முதல் லீக்கும் பூட்டிய கதவோடுதான் பிறந்தது.

தமிழ்நாட்டில் சென்னை லீக் பழையது, டிவிஷன்கள் கொண்டது. அங்கே பேர் வாங்கிய அணிகளைப் பாருங்கள்: ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை, தெற்கு ரயில்வே. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஒரு பையன் நன்றாக ஆடினால் ஊர் சொன்னது, “ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வேல போட்டுருவாங்கடா.” அது சின்ன விஷயமில்லை. எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் நிமிர்ந்தன. ஆனால் அந்த ஏணி ஆளுக்கு இருந்தது, ஊருக்கு இல்லை. பையன் ஏறிப் போனான். அவன் ஆடிய அணி சுவரொட்டிக்குக் காத்திருந்தது. மாவட்டத்தில் முதலிடம் வந்த ஊர் அணி மறுவருடம் ஒரு படி மேலே ஆடும் என்ற தொடர்ச்சியான வழி நெடுங்காலம் அமையவில்லை.

தேசிய அளவில் 1996இல் நேஷனல் ஃபுட்பால் லீக், 2007இல் ஐ-லீக், 2014இல் ஐ.எஸ்.எல். கடைசியாக வந்ததுதான் உச்சி ஆனது, அதற்குள் போக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம். சென்னை உள்ளூர் லீக்கில் ஆடிவந்த சென்னை சிட்டி, நேரடி அனுமதி பெற்று ஐ-லீக்குக்குள் வந்தது. கோயம்புத்தூரைச் சொந்த ஊராக்கிக்கொண்டு, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகமாக எடுத்துச் சாம்பியன் ஆனது. பரிசாக ஏற்றம் உண்டா? கிடையாது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. பஞ்சாப் அணி அதில் ஏறியது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போயிருந்தது. 2019-20இல் ஐ-லீக்கை ஜெயித்த மோகன் பகான்கூட ஏ.டி.கே.வோடு இணைந்துதான் உள்ளே போக முடிந்தது. ஆல்ட்ரிங்கத்துக்கு ஒரு ஓட்டு குறைந்தது. நம்மூரில் ஓட்டுப்பெட்டியே இல்லை.

சரி, மதுரைக்கு வருவோம். மதுரையிலிருந்து ஓர் அணி இந்திய சாம்பியன் ஆகியிருக்கிறது. பெயர் சேது எஃப்.சி. பெண்கள் அணி. 2016இல் தொடங்கப்பட்டது. அதே பருவத்தில்தான் இந்திய மகளிர் லீக்கும் பிறந்தது. மாநில அளவில் ஜெயித்தால் தேசிய அளவுக்குத் தகுதி என்பது அங்கே நிஜமாகவே இருந்த வழி. 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதன்முறையாகத் தேசிய சாம்பியன்ஷிப்பை எடுத்தார்கள். அடுத்த வருடம் மே 22 அன்று லூதியானாவில் நடந்த லீக் இறுதியாட்டத்தில் அம்ருதா அரவிந்தின் பயிற்சியில் சேது, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. அணி தொடங்கி மூன்றே வருடம்.

ஆண்களுக்குப் பூட்டியிருந்த கதவு பெண்களுக்கு ஏன் திறந்திருந்தது? அங்கே பூட்டிவைக்கத் தகுந்த பணம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற காரணம். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தத் தேசிய ‘லீக்’, 12 அணிகள் ஒரே ஊரில், பஞ்சாபின் மே வெயிலில், மூன்று வாரத்துக்குள் ஆடி முடித்தது. பெயர்தான் லீக்; உடம்பு நம் சுவரொட்டிப் போட்டி. மதுரை அணி சாம்பியனானதை மதுரை தன் மைதானத்தில் பார்க்கவில்லை. சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது, 7 அணிகளோடு. அவற்றில் ஒன்று சேது.

அதே 2023-24இல் ஆண்களுக்கு ஐ-லீக் 3 என்ற பிரிவும் வந்தது. மாநில லீக்குகளிலிருந்து அதற்குள் வரலாம். காகிதத்தில் இப்போது ஏணி கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது. தரையோடு தொடுகிற முதல் படிதான் மிச்சம். அதற்குக் கோடிகள் வேண்டாம். திருமங்கலம் மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், மேலூர் 30, உசிலம்பட்டி 40. வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் என்று 8 ஊர்களில் 8 பெண்கள் அணிகள் இருந்தால் 56 ஆட்டங்கள், 14 ஞாயிறுகள், டவுன் பஸ் டிக்கெட். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்றே நாளில் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைக்கிற ஆட்கள் நாம். மூன்று நாள் வேலையில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. நமக்குப் பழக்கமில்லாதது, யாரும் திரும்பிப் பார்க்காத பதினோராவது ஞாயிற்றுக்கிழமையில், ஏழாவது இடத்தில் இருக்கிற அணிக்கும் எட்டாவது இடத்தில் இருக்கிற அணிக்கும் ஒரு நடுவரையும் ஒரு பந்தையும் சுண்ணாம்புக் கோட்டையும் நேரத்துக்குத் தயாராக வைப்பது.

மெக்ரெகர் செய்தது அதைத்தான். அந்த எட்டாவது அணியில் ஆடுகிற பெண் தோற்றுவிட்டு பஸ் ஏறும்போது, “வர்ற ஞாயிறு யாரோடக்கா?” என்று கேட்க முடிந்தால், அங்கே ஒரு லீக் இருக்கிறது.